ஃபேமிகாமுக்கு இருந்த ரெண்டு வாசல்

நிண்டெண்டோவோட பழைய வீடியோ கேம் மெஷினான ஃபேமிகாமை கையில எடுத்து முன்பக்கம் பாத்தீங்கன்னா ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தால நெம்பினா வந்துடும், உள்ள ரெண்டு வரிசையா 15 பின். மேல கேசட் சொருகுற எடத்துல 60 பின். இந்த மெஷினுக்கு வெளி உலகத்தோட பேச இருந்த வழி இந்த ரெண்டுதான், அப்புறம் டிவிக்கு போற ஆண்டெனா வயர். இருபது வருஷத்துல வந்த விதவிதமான டப்பாக்கள், கீபோர்டு, துப்பாக்கி, டிஸ்க் டிரைவ், மோடம், நாம சின்ன வயசுல விளையாடின டூப்ளிகேட் டிவி கேம் வரைக்கும் எல்லாமே இந்த வாசல்களை யாரு எப்படி பயன்படுத்தினாங்க, யாரு அடைச்சாங்கங்கறதோட கதைதான். நிறைய பேரு மாடல் லிஸ்ட் மட்டும் போட்டுட்டு போயிடறாங்க, அதனால புதுசா வாங்க நினைக்கிறவங்களுக்கு எது எதுக்கு வேணும்னு புரியவே மாட்டேங்குது, அதான் கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னு உக்காந்தேன்.

1983 ஜூலை 15, ஜப்பான்ல 14,800 யென்னுக்கு நிண்டெண்டோ இதை வெளியிட்டாங்க. வடிவமைச்ச டீமோட தலைவர் மசாயுகி உவெமுரா. விலையை கீழ வைக்கணும்ங்கறதுதான் மொத்த டிசைனையும் தீர்மானிச்சது. ரிக்கோ கம்பெனி செஞ்ச சிபியூ, 6502 வகையோட கோர், 1.79 மெகாஹெர்ட்ஸ், அதே சிப்புக்குள்ளயே சவுண்டும் இருக்கு. படம் வரையறதுக்கு தனியா இன்னொரு ரிக்கோ சிப், அதை பிபியூன்னு சொல்லுவாங்க. வேலை செய்ய ரேம் 2 கேபி, படத்துக்கு 2 கேபி, அவ்வளவுதான். கண்ட்ரோலருக்கு தனி கனெக்டர் வச்சா காசு ஆகும்னு ரெண்டு கண்ட்ரோலர் வயரையும் மதர்போர்டுலயே நேரா கோத்துட்டாங்க. அதனால ஒரு கண்ட்ரோலர் போச்சுன்னா டப்பாவையே திறக்கணும். முதல் பேட்ச்ல பட்டன் சதுரமா ரப்பர்ல இருந்தது, அது அழுத்தினா உள்ளயே மாட்டிக்கும், அப்புறம் வட்டமான பிளாஸ்டிக் பட்டனா மாத்தினாங்க. ஆரம்பத்துல வந்த மெஷின்கள்ல சிப் கோளாறுல கேம் நடுவுல நின்னுடுச்சு, திருப்பி வாங்கி மதர்போர்டு மாத்திக் கொடுக்க வேண்டியதாச்சு. சதுர பட்டன் வச்சது இன்னைக்கு சேகரிக்கிறவங்களுக்கு பொக்கிஷம், ஆனா விளையாட வாங்குறவங்களுக்கு அது வேணாம்.

ரெண்டாவது கண்ட்ரோலர்ல ஸ்டார்ட், செலக்ட் பட்டன் கிடையாது, அந்த எடத்துல ஒரு மைக்கும் வால்யூம் ஸ்லைடரும் வச்சிருந்தாங்க. பேசினா டிவி ஸ்பீக்கர்ல கேக்கும். ஜப்பான் டிஸ்க்ல வந்த முதல் ஸெல்டா கேம்ல முயல் காது மாதிரி காது வச்ச ஒரு எதிரி இருக்கும், மைக்ல கத்தினா செத்துடும். அதே கேம் அமெரிக்காவுக்கு போனப்போ அங்க கண்ட்ரோலர்ல மைக்கே இல்ல, ஆனா கையேட்ல மட்டும் அதுக்கு பெரிய சத்தம் பிடிக்காதுன்னு எழுதியிருந்தாங்க. பசங்க என்னென்னமோ வச்சு சத்தம் போட்டு பாத்திருப்பாங்க பாவம்.

இப்போ மேல் வாசல். கேசட் ஸ்லாட்டை வெறும் கேம் சொருகுற எடம்னு நினைக்கக் கூடாது. சிபியூவோட அட்ரஸ், டேட்டா லைன்கள் மட்டுமில்லாம பிபியூவோட லைன்களும் அந்த 60 பின்ல வெளிய வருது, அதனால கேசட்டுக்குள்ள கூடுதல் சிப் வச்சு மெஷினோட சக்தியையே கூட்டிக்கலாம். இதைவிட அழகான விஷயம் சவுண்டு. சிபியூ போடுற சத்தம் ஒரு பின் வழியா கேசட்டுக்குள்ள போகுது, இன்னொரு பின் வழியா திரும்பி வருது. நடுவுல கேசட் தன்னோட சத்தத்தையும் கலந்து அனுப்பலாம். சாதாரண கேசட்ல அந்த ரெண்டு பின்னும் சேத்து வச்சிருப்பாங்க, போன சத்தம் அப்படியே திரும்பிடும். கொனாமி 1989-ல விட்ட மூணாவது டிராகுலா கேம்ல விஆர்சி6-ன்னு ஒரு சிப் வச்சு கூட மூணு சேனல் கொடுத்தாங்க, கேட்டா இது எட்டு பிட் மெஷின்தானான்னு தோணும். அமெரிக்க பதிப்புல அந்த சிப் இல்ல, பாட்டு ஒல்லியாயிடுச்சு. காரணம் பின்னாடி வருது.

இந்த மேல் வாசலோட பெரிய விருந்தாளி டிஸ்க் சிஸ்டம். 1986 பிப்ரவரி 21, விலை 15,000 யென், மெஷினை விடவே கொஞ்சம் அதிகம். டிரைவ் கீழ இருக்கும், மெஷின் அது மேல உக்காரும், ரேம் அடாப்டர்னு ஒரு கறுப்பு கேசட் ஸ்லாட்ல போகும், அதுல 32 கேபி வேலை ரேம், படத்துக்கு 8 கேபி, கூட ஒரு புது சவுண்டு சேனல். அந்த சத்தமும் மேல சொன்ன அதே பின் வழியாதான் உள்ள வருது. டிஸ்க் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 56 கேபி. கேசட் அப்போ விலை அதிகம், சிப் கிடைக்கிறதும் கஷ்டம், டிஸ்க்னா கடையில இருக்குற டிஸ்க் ரைட்டர் மெஷின்ல 500 யென் கொடுத்து பழைய கேமை அழிச்சுட்டு புது கேம் ஏத்திக்கலாம். அந்த காலத்துல பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. அப்புறம் கேசட் சிப் விலை குறைஞ்சு கொள்ளளவும் கூடினப்போ டிஸ்க்கோட அனுகூலம் கரைஞ்சு போச்சு. ஆனாலும் மறுபதிவு சேவையை 2003 வரைக்கும் நிண்டெண்டோ நிறுத்தல, அதுக்காகவே அவங்க மேல எனக்கு மரியாதை உண்டு.

டிஸ்க் சிஸ்டம் வாங்கணும்னு ஆசைப்படுறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உள்ள மோட்டாரையும் டிஸ்க் சுத்துற தட்டையும் இணைக்கிற ஒரு சின்ன ரப்பர் பெல்ட் இருக்கு, அது காலத்துல உருகி தாரு மாதிரி ஆயிடும். நான் ஒண்ணை திறந்தப்போ பெல்ட்டுன்னு ஒண்ணு இல்லவே இல்ல, புல்லி முழுக்க கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, தொட்ட விரல்ல ரெண்டு நாள் போகல. காது குடையுற பஞ்சுக்குச்சி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பொறுமை, இந்த மூணும் வேணும். முழுக்க சுத்தம் பண்ணாம புது பெல்ட்டை போட்டா வழுக்கும். பெல்ட் போட்டதும் எல்லாம் முடிஞ்சுடாது, தட்டோட கோணம் ஒரு நூல் நகந்திருந்தாலும் திரையில 22, 27-ன்னு எரர் நம்பர் வரும். சின்ன ஸ்க்ரூவை தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, இறுக்கி, டிஸ்க் போட்டு பாத்து, மறுபடி தளர்த்தி, அன்னைக்கு ராத்திரி எத்தனை தடவை செஞ்சேன்னு எண்ணல. கடைசியில அந்த டிரைவ் ஒரு கரகர சத்தத்தோட படிக்க ஆரம்பிச்சு தலைப்புத் திரை வந்தப்போ கிடைச்ச சந்தோஷத்தை சொல்ல வார்த்தை இல்ல. டிஸ்க் வாங்கும்போது இன்னொரு விஷயம், மஞ்சள் டிஸ்க்ல பெரும்பாலும் மூடி கிடையாது, காந்தப் படலம் அப்படியே தெரியும், கைபடாம பாத்துக்கணும். நீல டிஸ்க்ல நகரும் மூடி இருக்கும்.

முன்வாசல் வேற மாதிரி. அந்த 15 பின்ல கூடுதல் கண்ட்ரோலர்ல இருந்து என்ன வேணா மாட்டலாம். 1984-ல ஃபேமிலி பேசிக் வந்தது, கீபோர்டு முன்னாடி, அதோட கேசட் மேல, எழுதின ப்ரோகிராமை ஆடியோ டேப்ல சேமிக்க டேட்டா ரெக்கார்டர். பண்டாய் கம்பெனி கால்ல மிதிக்கிற பாய் விட்டாங்க, 1986-ல. 1987-ல முப்பரிமாண கண்ணாடி, இது சினிமா தியேட்டர்ல கொடுக்குற சிவப்பு நீல காகிதக் கண்ணாடி இல்ல, ஒவ்வொரு கண்ணுக்கும் மாத்தி மாத்தி மூடித் திறக்குற எல்சிடி ஷட்டர். அதுல வந்த கார் கேம் ஒண்ணு அமெரிக்காவுக்கு போனப்போ இந்த கண்ணாடி அங்க விக்கலங்கறதால சிவப்பு நீல கண்ணாடியோடதான் போச்சு. 1988-ல வந்த மோடம் ரெண்டு வாசலையும் சேத்து பிடிச்சுக்கிச்சு, மோடம் மேல ஸ்லாட்ல, நம்பர் பட்டன் வச்ச கண்ட்ரோலர் முன்னாடி, அதை வச்சு வீட்டுல இருந்தே பங்கு வாங்கி வித்தாங்க, குதிரைப் பந்தயத்துல பணம் கட்டினாங்க. அதுவும் ஒரு பொம்மை மெஷின்ல!

துப்பாக்கி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நம்மள்ல பலரும் வாத்து சுட்டவங்கதான், ஆனா அது எப்படி வேலை செஞ்சதுன்னு தப்பாவே நினைச்சிருக்கோம். துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய போகல. அதுக்குள்ள இருக்குறது வெளிச்சத்தை உணருற ஒரு டயோடு, முன்னாடி ஒரு லென்ஸ். விசையை அழுத்தினதும் கேம் திரையை ஒரு ஃப்ரேம் முழுக்க கறுப்பாக்கும், அடுத்த ஃப்ரேம்ல வாத்து இருக்குற எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். முதல்ல இருட்டு, உடனே வெளிச்சம்னு டயோடு சொன்னா குறி சரி. ரெண்டு வாத்து இருந்தா கட்டத்தை ஒவ்வொண்ணா மாத்தி காட்டும், எந்த ஃப்ரேம்ல வெளிச்சம் வந்ததோ அந்த வாத்து செத்துச்சு. டியூப் லைட்டுக்கு நேரா காட்டினா முதல் இருட்டே கிடைக்காது, அதனால ஒழுங்கா எழுதின கேம்ல அந்த தந்திரம் பலிக்காது. போதாததுக்கு பழைய குண்டு டிவியில எலக்ட்ரான் கதிர் கோடு கோடா வரையுற வேகத்துக்கு ஏத்த மாதிரி உள்ள ஃபில்டரும் வச்சிருக்காங்க. எல்சிடி டிவி அப்படி வரையறதில்ல, படமும் கொஞ்சம் தாமதமா வரும், அதனாலதான் புது டிவியில இந்த துப்பாக்கி சுத்தமா வேலை செய்யாது. துப்பாக்கி கேம் ஆடணும்னா குண்டு டிவி கட்டாயம், வேற வழியில்ல.

டப்பா வகைகள்ல ஷார்ப் கம்பெனிக்கு தனி இடம், நிண்டெண்டோ அனுமதியோட அவங்களே பல மாடல் விட்டாங்க. ஃபேமிகாம் வந்த அதே 1983-லயே டிவிக்குள்ளயே ஃபேமிகாமை வச்ச சி1 மாடல். இதுல இருந்த பிபியூ வேற ரகம், அது நிறங்களை ஆர்ஜிபியா, அதாவது சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா பிரிச்சு கொடுக்கும், அதனால படம் பளிச்சுன்னு இருக்கும், பத்திரிகைக்காரங்க படம் எடுக்க இதைத்தான் பயன்படுத்தினாங்க. சாதாரண ஃபேமிகாம் பிபியூ உள்ளேயே எல்லா நிறத்தையும் கலந்து ஒரே காம்போசிட் சிக்னலா வெளிய தள்ளிடும், பிரிச்சு எடுக்கவே முடியாது. ஆர்ஜிபி மாட் பண்றதுக்கு, அதாவது மெஷினை திறந்து ஆர்ஜிபி வெளியீடு வர்ற மாதிரி மாத்துறதுக்கு, ஏன் இவ்வளவு செலவாகுதுன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். 1986 ஜூலையில ட்வின் ஃபேமிகாம், மெஷினும் டிஸ்க் டிரைவும் ஒரே டப்பால, 32,000 யென், சிவப்புலயும் கறுப்புலயும் வந்தது, ஏவி வெளியீடும் உண்டு. என் கண்ணுக்கு இந்த மொத்த குடும்பத்துலயும் அழகானது இதுதான். 1989-ல டைட்லர்னு ஒண்ணு, வீட்டு வீடியோ மேல எழுத்தும் படமும் போடுறதுக்காக, 43,000 யென், எஸ்-வீடியோ வெளியீடு இருக்கு. விலையை பாத்தாலே எத்தனை வீட்டுக்கு போயிருக்கும்னு புரியும்.

அமெரிக்கா கதைக்கு வருவோம். அங்க 1983-ல வீடியோ கேம் வியாபாரமே படுத்துடுச்சு, கடைக்காரங்க வீடியோ கேம்னாலே வேணாம்னாங்க. அதனால 1985-ல நியூயார்க்ல என்இஎஸ்-னு பேர் மாத்தி, விசிஆர் மாதிரி சாம்பல் நிற டப்பால, கேசட்டை முன்னாடி சொருகி கீழ அமுக்குற மாதிரி செஞ்சு, கூட ஆர்ஓபி-ன்னு ஒரு பிளாஸ்டிக் ரோபோவையும் வச்சு பொம்மைக் கணக்கா வித்தாங்க. அந்த ரோபோ திரை மின்னுறதை பாத்து கையை அசைக்கும், அதுக்குன்னு வந்த கேம் மொத்தமே ரெண்டு.

உள்ள சிப் கிட்டத்தட்ட அதேதான், ஆனா வாசல்ல பூட்டு போட்டுட்டாங்க. மெஷின்ல ஒரு சிப், ஒவ்வொரு கேசட்லயும் ஒரு சிப், ரெண்டும் ஓயாம பேசிக்கிட்டே இருக்கணும், பேச்சு ஒத்து வரலன்னா மெஷின் வினாடிக்கு ஒரு தடவை ரீசெட் ஆகும். அந்த சிவப்பு லைட் விட்டு விட்டு எரியுறது இதனாலதான். கேசட் பின் 60-ல இருந்து 72 ஆச்சு, பூட்டுக்கு நாலு பின், இன்னொரு பத்து பின் மெஷினோட அடியில இருக்குற ஒரு விரிவாக்க போர்ட்டுக்கு போச்சு. அந்த போர்ட்ல மாட்ட நிண்டெண்டோ கடைசி வரைக்கும் எதுவுமே விக்கல. இதுல அடிபட்டது சவுண்டு பின்கள். கேசட் வழியா சத்தம் போயிட்டு வர்ற அந்த அழகான ஏற்பாடு இல்லாம போச்சு, டிராகுலா பாட்டு ஒல்லியானதும் இதனாலதான். முன்னாடி சொருகுற கனெக்டரோ சீக்கிரம் தளந்து போச்சு, பின் சரியா ஒட்டாம பூட்டு சிப் பேச்சு அறுந்து லைட் மின்னும், பசங்க கேசட்டை எடுத்து ஊதுவாங்க. ஊதினதால சரியாகல, எடுத்து திரும்ப சொருகினதாலதான் சரியாச்சு, ஊதின ஈரம் பின்னை அரிக்கத்தான் செஞ்சுது. தயவு செஞ்சு இப்பவாவது ஊதாதீங்க, பஞ்சுல ஆல்கஹால் தொட்டு துடைங்க போதும்.

இன்னொரு சுவாரசியம், ஆரம்பகால என்இஎஸ் கேசட் சிலதுக்குள்ள ஜப்பான் 60 பின் போர்டையே 72 பின் கன்வெர்ட்டரோட அப்படியே வச்சு மூடியிருந்தாங்க. ரோபோ கேம் கேசட் கையில கனமா இருந்தா உள்ள கன்வெர்ட்டர் இருக்க வாய்ப்பு அதிகம், அதை கழட்டி ஜப்பான் கேசட் போட்டு விளையாடினவங்க நிறைய பேரு.

1993-ல ரெண்டு ஊருக்கும் புது டப்பா வந்தது, ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா குணம் வேற. ஜப்பான் ஏவி ஃபேமிகாம்ல கண்ட்ரோலரை கழட்டி மாட்டலாம், காம்போசிட் ஏவி வெளியீடு இருக்கு, மைக் போச்சு, ஆனா 15 பின் வாசலை விடாம வச்சிருந்தாங்க. அமெரிக்க டாப் லோடர் 49.99 டாலர், பூட்டு சிப்பை எடுத்துட்டாங்க, கேசட் மேல இருந்து நேரா இறங்குறதால லைட் மின்னுற தொல்லையும் இல்ல, ஆனா ஏவியையும் எடுத்துட்டு வெறும் ஆண்டெனா வயர் மட்டும் கொடுத்தாங்க, படத்துல மங்கலா செங்குத்து கோடு வேற தெரியும். என்கிட்ட யாராவது ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதுன்னு கேட்டா ஏவி ஃபேமிகாம்தான் சொல்லுவேன், மைக் வேணும்ங்கறவங்க மட்டும் பழைய சிவப்பு வெள்ளை வாங்குங்க.

ஜப்பான்ல 1983-ல பூட்டு சிப் வைக்காம விட்டதோட விளைவுதான் நம்ம வீட்டுக்கு வந்தது. தைவான்ல யுஎம்சி மாதிரி கம்பெனிங்க ஃபேமிகாம் சிப்பை நகலெடுத்தாங்க, அப்புறம் எல்லாத்தையும் ஒரே சிப்புல அடக்கி மேல கறுப்பு பசை உருண்டை வச்சு மூடினாங்க. ரஷ்யாவுல டெண்டி, போலந்துல பெகாசஸ், நம்ம பக்கம் மீடியா, லிட்டில் மாஸ்டர்னு ஊருக்கொரு பேரு. சென்னை ரிட்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார்ல வாங்கின டிவி கேம் எல்லாம் இந்த வம்சம்தான். கேசட் 60 பின், ஜப்பான் அளவுதான், அமெரிக்க கேசட் அதுல நுழையவே நுழையாது. நம்ம ஊர்ல ரெண்டாவது ஜாய்ஸ்டிக்ல பலதுல ஸ்டார்ட் பட்டன் இல்லாததுக்கும் காரணம் ஜப்பான் டிசைன்தான், மைக்கை எடுத்துட்டாங்க, பட்டனை வைக்கல.

நம்ம டிவி பால் (PAL)-ங்கற ஒளிபரப்பு முறை, வினாடிக்கு 50 ஃப்ரேம். ஜப்பான்ல என்டிஎஸ்சி-ங்கற வேற முறை, 60. கேம் எல்லாம் ஃப்ரேமை எண்ணித்தான் ஓடும், அதனால 50-ல ஓட்டினா எல்லாம் ஆறுல ஒரு பங்கு மெதுவாகும். ஐரோப்பாவுல நிண்டெண்டோ சிபியூ வேகத்தையும் குறைச்சாங்க, அதுல ஜப்பான் கேசட் போட்டா சில கேம்ல படம் குலைஞ்சு போகும். யுஎம்சிகாரங்க செஞ்சது வேற, அதுதான் புத்திசாலித்தனம். சிபியூவுக்கும் பிபியூவுக்கும் இருந்த வேக விகிதத்தை ஜப்பான்ல இருந்த மாதிரியே ஒண்ணுக்கு மூணா வச்சுட்டு, படம் வரைஞ்சு முடிச்சதும் வெட்டியா கொஞ்சம் கோடுகளை ஓடவிட்டு 50-க்கு கொண்டு வந்தாங்க. அதனால ஜப்பான் கேசட் எல்லாம் குலையாம ஓடிச்சு, மெதுவா மட்டும். சிபியூ வேகம் கிட்டத்தட்ட மாறாததால பாட்டோட சுருதி மாறல, தாளம்தான் தளந்தது. கூடவே இந்த சிப் பலதுல ஸ்கொயர் வேவ் வடிவம் ரெண்டு இடம் மாறிப் போயிருக்கும், அதனால சத்தத்தோட குரலே கொஞ்சம் வேற. நான் பெரியவனான பிறகு அசல் ஃபேமிகாம்ல மரியோ பாட்டு கேட்டப்போ யாரோ ஓடிக்கிட்டே வாசிக்கிற மாதிரி இருந்தது, ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். கோளாறு இல்ல, நான் கேட்டு வளர்ந்ததுதான் மெதுவானது.

கடைசியா கரண்ட் விஷயம், இதை அலட்சியமா விட்டா மெஷினே போயிடும். அசல் ஃபேமிகாம் அடாப்டர் ஜப்பான் 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம 230-ல நேரா மாட்டினா அடாப்டர் கருகிடும். மெஷினுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்ப், பிளக்கோட நடுவுல நெகட்டிவ். இப்போ கடையில கிடைக்கிறது பெரும்பாலும் நடுவுல பாசிட்டிவ், அதை பாக்காம சொருகக் கூடாது. அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் இன்னும் ஆபத்து, அது 9 வோல்ட் ஏசி, என்இஎஸ் உள்ள ஏசியை டிசியா மாத்துற ரெக்டிஃபையர் இருக்குறதால அது தாங்கும், ஃபேமிகாம்ல அது கிடையாது. நான் பாத்த ஒரு மெஷின் அப்படித்தான் போச்சு, வாங்கின அன்னைக்கே, பிளக் சரியா நுழைஞ்சதேன்னு நம்பி போட்டிருக்காங்க. பின்னாடி ரெகுலேட்டர் மட்டும் போயிருந்தா மாத்திடலாம், அந்த மெஷின்ல ரிக்கோ சிப்பும் சேந்து போயிடுச்சு. பழைய ஃபேமிகாம்ல ஆண்டெனா வெளியீடு ஜப்பான் சேனலுக்கானது, நம்ம டிவியில படம் பிடிச்சாலும் சவுண்டு வேற எடத்துல நிக்கும், அதனால ஏவி மாட் பண்ணினதா பாத்து வாங்குங்க. வாங்கினதும் முன்னாடி மூடியை நெம்பி அந்த 15 பின்ல எதுவும் வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துடுங்க.